வாக்கியம் 4117

தரமணியில் இரண்டாம் மாடி.
உலகத்து மொழிகளுக்கெல்லாம் நடுவில் நிற்க
ஒரு மொழி செய்துகொண்டிருந்தோம்.
அதற்கு வாய் கிடையாது.
அதில் யாரும் கடன் கேட்டதில்லை.
வட்டங்கள், அம்புகள், கொக்கிகள்.
வட்டத்துக்குள் பொருள்.
அம்பின் மேல் உறவு: செய்பவர், இடம், கருவி, உடைமை.
கொக்கியில் தொங்கும்
காலமும் மறுப்பும் கேள்வியும்.

நான் தமிழை அவிழ்த்து வட்டங்களாக்குவேன்.
கெய்ரோவில் ஹனான் என்றொருத்தி
வட்டங்களைக் கட்டி அரபியாக்குவாள்.
எனக்கு அரபி தெரியாது, அவளுக்குத் தமிழ்.
இரண்டு வருஷமாக எங்களுக்குள் போய்வந்ததெல்லாம்
கோடுகள்.

வாக்கியத்துக்கு நாலு ரூபாய்.
'கத்தரிக்காய் சொத்தை' சுலபம்.
'பஸ் நிற்காமல் போய்விட்டது' அதைவிடச் சுலபம்.
'எனக்குக் கோபம் வருகிறது' வந்த அன்று
எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்
தணிகாசலம் சார்.
புறப்பட்ட இடம் காட்டும் அம்பு ஒன்று
மதியம் வரை வெறுமனே நின்றது.
சாப்பிட்டு வந்து அழித்தோம்.

4117: தண்ணி வந்துடுச்சு.

மூணு நிமிஷ வேலை.
வட்டம்: தண்ணீர். வட்டம்: வா.
அம்பு: செய்பவர்.
கொக்கி: முடிந்தது.
எப்சிபா சரிபார்த்து டிக் போட்டாள்.

அப்போது ஜூன்.
எங்கள் ஜாபர்கான்பேட்டைச் சந்தில்
அதே வாக்கியத்தை விடிகாலை நாலரைக்குக் கத்துவாள்
கீழ்வீட்டு மெகருன்னிசா.
அவள் வாயை மூடுவதற்குள்
பதினோரு குடம் லாரிக்குப் பின்னால் நிற்கும்.
பச்சைக் குடம் என்னுடையது,
விளிம்பில் எம்-சீல் வைத்து அடைத்தது.
ஹோஸைப் பிடித்திருப்பவன்தான் அன்றைக்கு மந்திரி.
அந்த 'டுச்சு'வுக்கு
ஒரு தெருவே செருப்பில்லாமல் ஓடும்.

டிசம்பரில், ராத்திரி ஒன்றேகாலுக்கு,
அதே மெகருன்னிசா
அதே இரண்டு சொல்லைச் சொன்னாள்.
கத்தவில்லை.
மாடியேறி வந்து, என் கதவைத் தட்டி,
சொன்னாள்.
பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.
அடையாறு பின்சுவர் தாண்டி வந்து
வாசலில் அடுக்கியிருந்த குடங்களை எடுத்துக்கொண்டு போனது,
பச்சையையும்.
மொட்டைமாடியில் பதினேழு பேர், ஒரு ஆடு,
யாரோ விடாமல் கட்டிப்பிடித்திருந்த கேஸ் சிலிண்டர்.
குடிக்கத்தான் தண்ணி இல்லை.

ஒன்பது நாள் கழித்து
நகத்தில் சேறோடு வேலைக்குப் போனேன்.
4117-ஐத் திறந்து பார்த்தேன்.
ஜூனுக்குச் சரி.
டிசம்பருக்கும் சரி.
ஒரு கோடு பிசகவில்லை.
பிசகியிருந்தால் திருத்திவிட்டு
அடுத்ததற்குப் போயிருப்பேன்.

சார், இதுக்கு இன்னொரு அம்பு வேணும்.
என்ன பேரு அதுக்கு?
எதைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னு.

அவர் சிரிக்கவில்லை. சைதாப்பேட்டைக்காரர்.
கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.
நாற்பத்தாறு உறவுக்கு மேல
கமிட்டி ஒத்துக்காதும்மா.

கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி உண்டு,
யாரும் நிரப்புவதில்லை.
அதில் எழுதினேன், அந்த வாயில்லாத மொழியிலேயே:
வட்டம்: குடம். அம்பு: உடைமை. வட்டம்: நான்.
கொக்கி: இல்லை.

மறுநாள் கெய்ரோவிலிருந்து
எண் போடாத ஒரு வாக்கியம் வந்தது.
வட்டம்: நீ. வட்டம்: இரு.
கொக்கி: கேள்வி.

விதிப்படி அது 'நீ இருக்கிறாயா'.
நல்லா இருக்கியா என்றும் படிக்கலாம்.
வீட்ல இருக்கியா, உசுரோட இருக்கியா.
அவள் அரபியில் எப்படிக் கேட்டாள் என்பது
அவள் வாயோடு நின்றுவிட்டது.
எல்லாவற்றுக்கும் சேர்த்து
ஒரே பதில் கட்டினேன்:

வட்டம்: நான். வட்டம்: இரு.
கொக்கி: இன்னும்.

என்ன ஏது என்று கேட்காமல்
எப்சிபா டிக் போட்டாள்.
கணக்கில் நாலு ரூபாய் ஏறியது.